மண்வெட்டிக்கு மாற்றுக் காம்பு: குறைந்த செலவில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மழைக்காலம் முழுவதும் இறுக்கமாக நின்ற மண்வெட்டிக் காம்பு, மாசி பிறந்ததும் ஆடத் தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பத்து வெட்டு வெட்டுவதற்குள் தலை கழன்று கையோடு வரும். சாக்குத் துணியைச் சுற்றி அடித்தோ, வாய்க்கால் தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டோ அன்றைய வேலையை ஒப்பேற்றுவது வழக்கம். அதுவும் பலிக்காமல் காம்பு முறிந்தால், சந்தையில் கைக்குக் கிடைத்த கட்டையை வாங்கி மாட்டிவிடுவார்கள்.

மண்வெட்டித் தலையை வாங்கும்போது தட்டிப் பார்த்து, எடை பார்த்து, எந்தப் பட்டறை முத்திரை என்று கேட்டு வாங்கும் விவசாயிகள்கூட, காம்பு விஷயத்தில் அந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை. ஆனால் நாள் முழுக்கக் கை பிடித்திருப்பது காம்பைத்தான். காம்பு சரியில்லாவிட்டால் உள்ளங்கை கொப்பளிக்கும், தோளும் இடுப்பும் வலிக்கும், ஒரே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். கழன்று பறக்கும் தலை எதிரில் நிற்பவர் காலில் விழுந்தால் அந்தப் பருவத்து வருமானமே மருத்துவச் செலவுக்குப் போய்விடும். தென் மாவட்டங்களில் கணை என்றும் மற்ற ஊர்களில் காம்பு, பிடி என்றும் சொல்லப்படும் இந்தக் கட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே பார்க்கலாம். கோடரி, களைக்கொத்து, பிக்காசு ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் துளையைப் பாருங்கள்

காம்பு வாங்கப் போகும்போது மண்வெட்டித் தலையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாத் தலைகளிலும் துளை ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே பட்டறையில் அடித்தவைகூடச் சிறிது மாறும்.

துளையின் இரு பக்கமும் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருந்தால், காம்பின் மெலிந்த முனையை அகன்ற பக்கமாக நுழைத்து இழுக்க வேண்டும். தடித்த முனை துளையில் வந்து இறுகி நிற்கும். பிக்காசில் இந்த அமைப்பு நன்றாகத் தெரியும். ஓங்கும் ஒவ்வொரு முறையும் தலை இன்னும் இறுகுமே தவிரக் கழலாது. துளை இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் ஆப்பு இல்லாமல் நிற்காது. எந்த வகைத் துளை என்பது தெரியாமல் காம்பு வாங்கினால், கடைசியில் செதுக்கிச் செதுக்கித் துளைக்குப் பொருந்தாத கட்டைதான் மிஞ்சும்.

துளைக்குள் துருவோ, பழைய ஆணியோ, உடைந்த கட்டையோ இருந்தால் எடுத்துவிட்டு அரத்தால் தேய்க்க வேண்டும். துளை ஓரத்தில் கூர்மையான விளிம்பு இருந்தால் அதையும் மழுக்க வேண்டும். பல காம்புகள் முறிவது அந்த விளிம்பு அறுத்த இடத்தில்தான். தலையிலேயே விரிசல் இருந்தால் புதுக் காம்பு வாங்குவது வீண் செலவு.

எந்த மரம் நல்லது?

காம்புக்கு வேண்டிய முதல் குணம் அதிர்ச்சியைத் தாங்குவது. வெறும் கடினம் போதாது. தேக்கு விலை உயர்ந்தது, எளிதில் வளைந்து கோணாதது. ஆனாலும் அடி வாங்கும் கருவிக்கு அது ஏற்றதல்ல. திடீர் அதிர்ச்சியில் சட்டென்று முறியக் கூடியது. வீட்டில் மிஞ்சிய கதவுச் சட்டத்தைக் காம்பாக்குவது அதனால்தான் பலன் தருவதில்லை.

நம் ஊர்களில் எளிதில் கிடைப்பவற்றில் கருவேலம் முதலிடத்தில் இருக்கிறது. கலப்பைக்கும் வண்டிக்கும் பயன்பட்ட மரம் அது. கனமும் உறுதியும் கொண்டது. பூவரசு அதைவிடச் சற்று இலகுவானது, நார் உறுதி மிக்கது. நாள் முழுவதும் தூக்கி வெட்டுபவருக்கு ஏற்றது. புளிய மரம் மிகக் கடினம். செதுக்குவது சிரமம், எடையும் கூடுதல். அதனால் மண்வெட்டியைவிடக் குறுகிய பிடி கொண்ட கருவிகளுக்கும் கொட்டாப்புளிக்கும் நன்று. தோட்டத்தில் கழிக்கும் முதிர்ந்த கொய்யாக் கிளை களைக்கொத்துக்கு அருமையான பிடியாகும். மானாவாரிக் காடுகளில் கிடைக்கும் விடத்தேரையும் அப்படியே.

சீமைக் கருவேல் மரமும் கடினமானது, காயும்போது குறைவாகவே சுருங்கும். நேரான துண்டு கிடைப்பதுதான் அரிது. சவுக்கு உறுதியானது என்றாலும் காயும்போது வெடிக்கும். தைல மரத்தின் நார் பெரும்பாலும் முறுக்கிக்கொண்டு ஓடுவதால் கோணிக்கொள்ளும். முருங்கை, முள்முருங்கை, இலவு, பீநாறி ஆகியவை காம்புக்கு உதவா. நீளமான பிடி வேண்டிய களையெடுக்கும் கருவிகளுக்குக் கெட்டியான கல் மூங்கில் போதும்.

வைரம் பாய்ந்த கட்டைதான் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே மரத்தில் வைரப்பகுதிக்கும் வெளிர் நிற வெளிப்பகுதிக்கும் வலிமையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. வேறுபாடு பூச்சியில்தான். வெளிப்பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் துளைப்பான் வண்டு அதைத்தான் தேடி வரும். காம்பில் குண்டூசித் துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது.

நார் ஓட்டம்தான் உயிர்

மரம் எதுவானாலும், காம்பு நிலைப்பதை முடிவு செய்வது நார் ஓட்டம். காம்பை வெளிச்சத்தில் பிடித்து, பக்கவாட்டில் ஓடும் கோடுகளைக் கவனியுங்கள். அவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காம்போடு சேர்ந்தே ஓட வேண்டும். பாதியில் சாய்ந்து ஓரம் வழியாக வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும்.

இந்தச் சாய்வு எவ்வளவு கெடுக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் நார் விலகினால், வளைவைத் தாங்கும் வலிமையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5 அங்குலத்துக்கு 1 அங்குலம் விலகினால் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். பெரிய மரத்தை வாளால் அறுத்து உருட்டிய காம்புகளில் இந்தக் குறை அதிகம். வாள் தன் வழியே போகும், நாரைப் பார்க்காது. ஆப்பு வைத்துப் பிளந்து செதுக்கிய காம்பில் பிளவு நாரோடு போவதால் அது உறுதியாக இருக்கும்.

கணுவையும் பார்க்க வேண்டும். கைபிடிக்கும் முனையில் விரல் நகம் அளவு சிறிய, இறுகிய கணு இருந்தால் பாதகமில்லை. தலை பொருந்தும் இடத்திலும் அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளும் கணு இருக்கவே கூடாது. வெட்டும்போது விசை முழுவதும் குவிவது அங்கேதான். பளபளவென்று வார்னிஷோ பெயின்டோ பூசிய காம்பில் நாரும் தெரியாது, கணுவும் தெரியாது. வெறும் மரமாகக் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

ஈரக் கட்டை ஏமாற்றும்

நெல்லை ஈரத்தோடு மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். காம்பும் அப்படித்தான். பச்சைக் கட்டை காயக் காயக் குறுக்குவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு. சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. வளர்ச்சி வளையத்தின் ஓட்டத்தில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் உருண்டையாகச் செதுக்கிய பச்சைக் காம்பு காய்ந்ததும் சற்றே நீள்வட்டமாகித் துளையில் ஆடுகிறது.

கடையில் ஈரம் அறிய எளிய வழிகள் உண்டு. ஒரே அளவுள்ள நான்கைந்து காம்புகளைத் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கனத்தால் அது பெரும்பாலும் ஈரம். இரண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். முனையைக் கன்னத்தில் வைத்தால் ஈரக் கட்டை குளிர்ச்சியாக இருக்கும்.

வீட்டு மரத்திலேயே காம்பு செய்பவர்கள் துண்டைப் பிளந்து, இரு முனைகளிலும் மெழுகோ சாணமோ பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அதைத் தடுத்தால் வெடிப்பு குறையும். நேரடி வெயில் ஆகாது. மூன்று நான்கு மாதமாவது விட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு துண்டில் அடையாளமிட்டு வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் தயார் என்று பொருள். மூங்கிலாக இருந்தால் சில வாரம் ஓடும் நீரில் மூழ்கவைத்துப் பிறகு காய வைப்பது பழைய வழக்கம். மாவுச்சத்து கரைந்து வண்டுத் தாக்குதல் குறைவதுதான் அதன் காரணம். காப்புக்காட்டில் மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது.

பருமன், நீளம், கோணம்

காம்பின் பருமன் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே சிறிய இடைவெளி இருந்தால் சரி. விரல் உள்ளங்கையில் குத்தினால் காம்பு மெல்லியது; இடைவெளி அதிகமானால் தடித்தது. இரண்டிலும் கை சீக்கிரம் சோரும். பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் விட்டம் பொருந்தும்.

மெல்லியதாக்கச் செதுக்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உருண்டைக் காம்பின் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். 35 மில்லிமீட்டர் காம்பை 30 ஆக்கினால் மெலிவது 5 மில்லிமீட்டர்தான்; வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எனவே கை பிடிக்கும் இடத்தில் மட்டும் செதுக்கலாம், தலைக்கு அருகில் கை வைக்கக் கூடாது.

நீளத்தைப் பொறுத்தவரை, நீண்ட காம்பு போட்டால் குனிய வேண்டியதில்லை என்பது பாதி உண்மை. நம் மண்வெட்டித் தலை குட்டைக் காம்புக்கு ஏற்ற குறுகிய கோணத்தில் அடிக்கப்பட்டது. அதே தலையில் நீளக் காம்பு போட்டு நிமிர்ந்து நின்றால், இலை உட்புறமாக மடங்கி, மண்ணைக் கொத்தாமல் மேலே சுரண்டும். நிமிர்ந்து வேலை செய்ய விரும்புபவர் கோணம் விரிந்த தலையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வாய்க்கால், வரப்பு வேலைக்கு இரண்டரை முதல் மூன்றடி என்ற வழக்கமான அளவில் ஆரம்பித்து, சற்று நீளமாகவே வாங்கி, இரண்டு நாள் வேலை செய்து பார்த்தபின் அறுத்துக் குறைப்பது நல்லது. அறுத்ததை ஒட்ட முடியாது.

வீட்டுக்கு ஒரே மண்வெட்டி, அதுவும் ஆண் கைக்கு ஏற்றது என்பதே பல இடங்களில் நிலைமை. நூறு நாள் வேலைக்கு அதையே தூக்கிச் செல்லும் பெண்கள் நாள் முழுவதும் பொருந்தாத பிடியோடு போராடுகிறார்கள். ஆண், பெண் விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளையும் கை வலிமையையும் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் பல மாநிலங்களில் அளந்து தொகுத்திருக்கிறது. கருவி உடலுக்குப் பொருந்த வேண்டும், உடல் கருவிக்குப் பொருந்தக் கூடாது என்பதே அந்த வேலையின் நோக்கம். சற்று மெல்லிய, இலகுவான காம்போடு சிறிய தலை கொண்ட இரண்டாவது மண்வெட்டி வீண் செலவல்ல.

இரும்புக் குழாயும் ஃபைபரும்

காம்பு அடிக்கடி முறிகிறது என்று இரும்புக் குழாயைப் பற்றவைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். முறியாது என்பது உண்மை. ஆனால் எடையைப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் பருமனும் 75 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட நல்ல மரக் காம்பு சுமார் 600 கிராம் இருக்கும். ஒரு அங்குலத் தண்ணீர்க் குழாய் மீட்டருக்கு 2 கிலோ அல்லது அதற்கு மேல். அதே நீளத்துக்கு ஒன்றரைக் கிலோ. கூடுதல் எடை 900 கிராம். நிமிடத்துக்கு 15 வெட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 900 வெட்டு; அதாவது எட்டுக் குவிண்டாலுக்கு மேல் வீணாகத் தூக்கி இறக்குகிறோம்.

கல்லில் பட்ட அதிர்ச்சியை மரம் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். இரும்பு அப்படியே மணிக்கட்டுக்குக் கடத்தும். வெயிலில் கை வைக்க முடியாது, ஈரத்தில் வழுக்கும். மோட்டார் கம்பியோ புதைத்த கேபிளோ இருக்கும் இடத்தில் இரும்புக் காம்போடு வெட்டுவது உயிருக்கு ஆபத்து. காய்ந்த மரக்காம்பு சற்றுப் பாதுகாப்பானது என்றாலும், ஈர மரமும் மின்சாரத்தைக் கடத்தும். எந்தக் காம்பானாலும் மின் இணைப்பைத் துண்டித்த பிறகே அங்கே வெட்ட வேண்டும். குழாய்தான் வேண்டும் என்றால் சுவர் மெல்லிய குழாயாகத் தேர்ந்து, முனையை மூடி, பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை போடலாம்.

ஃபைபர் காம்புகள் சுருங்குவதில்லை, உளுப்பதில்லை. விலை கூடுதல். நீண்ட நாள் வெயிலில் கிடந்தால் மேற்பூச்சு உதிர்ந்து கண்ணாடி நார் வெளியே வரும். அது கையில் குத்தி அரிக்கும். வேலை முடிந்ததும் நிழலில் வைப்பவருக்கே அது லாபம்.

பொருத்தும் முறை

காம்பு மாட்ட உகந்த காலம் கோடை. மரம் மிகவும் காய்ந்திருக்கும்போது இறுக்கமாகப் பொருத்தினால், மழையில் அது இன்னும் உப்பி இறுகும். ஐப்பசியில் பொருத்தியது சித்திரையில் ஆடுவதற்கு இதுவே காரணம்.

நேர்த்துளைத் தலைக்கு, காம்பின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, துளையில் இடிக்கும் இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். முனையில் துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை வாளால் கீறல் போடுங்கள். தலையை மாட்டியபின், தலை கீழே தொங்குமாறு காம்பைத் தூக்கிப் பிடித்து, காம்பின் மறுமுனையில் மரச்சுத்தியால் தட்டினால் தலை தானாக ஏறி இறுகும். பிறகு காய்ந்த கருவேலம் அல்லது புளி ஆப்பைக் கீறலில் அடிக்க வேண்டும். ஆப்புக்குப் பதில் ஆணி அடித்தால் மரம் பிளக்கும். சைக்கிள் டியூப், சாக்கு ஆகியவை அன்றைய பொழுதுக்கு மட்டுமே.

காம்பின் மேல் பூச்சாகக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தேய்க்கலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். வேப்பெண்ணெய் பூச்சியைத் தடுக்கும், ஆனால் இறுகிக் காயாது. பழைய இன்ஜின் ஆயில் தோலுக்குக் கேடு, பூசவே வேண்டாம்.

செலவுக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். 80 ரூபாய்க் காம்பு ஆண்டுக்கு இரண்டு முறை முறிந்தால் மூன்று ஆண்டில் 480 ரூபாய். ஆறு முறை வேலை நின்ற கூலி தனி. பார்த்து வாங்கிய 200 ரூபாய்க் காம்பு மூன்று ஆண்டு நின்றால், மிச்சம் பணம் மட்டுமல்ல. விலை கூடியதெல்லாம் நல்லது என்பதும் இல்லை. பத்துக் காம்பைப் புரட்டிப் பார்த்தால், 80 ரூபாய்க் குவியலிலேயே நார் நேராக ஓடும் ஒன்று கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். அரசுத் திட்டங்களில் மானிய விலையில் பண்ணைக் கருவித் தொகுப்பு வாங்கும்போதும் காம்பை இதே முறையில் சோதித்துக்கொள்ளலாம்.

வாசகர் கேள்விகள்

தண்ணீரில் ஊறவைத்தால் காம்பு இறுகுகிறதே, அதில் என்ன தவறு?

ஊறும்போது மரம் உப்பும். சுற்றிலும் இரும்பு இருப்பதால் விரிய இடமின்றித் தன்னையே நசுக்கிக்கொள்ளும். மறுபடி காயும்போது முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடும். ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் ஆட்டம் கூடுவது இதனால்தான். ஆப்பை மாற்றுவதே தீர்வு.

முறிந்த காம்பைக் கம்பி சுற்றிப் பயன்படுத்தலாமா?

கூடாது. நார் அறுந்த இடத்தில் கம்பி வலிமையைத் திருப்பித் தராது. முறிவு கைபிடி முனையில் இருந்தால், மீதியை அறுத்துக் களைக்கொத்துப் பிடியாக்கலாம்.

காம்பு நல்லதுதான், ஆனாலும் தலைக்கு அருகில் முறிகிறது. ஏன்?

பெரும்பாலும் கல்லையும் வேரையும் மண்வெட்டியால் நெம்புவதால். அந்த வேலை கடப்பாரைக்கு உரியது. துளையின் கூர் விளிம்பையும் ஒரு முறை பாருங்கள்.

பக்கத்தில் ஆட்கள் வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியது என்ன?

காலையில் முதல் வெட்டுக்கு முன் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். சிறிது ஆடினாலும் ஆப்பை அடித்துவிட்டுத் தொடங்குங்கள். ஓங்கும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. வெட்டுக்காயம் பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணியால் அழுத்திக் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரணஜன்னி தடுப்பூசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் கிடந்த இரும்பு பட்ட காயம் சிறியதென்று விட்டுவிடக் கூடாது.